மாணாக்கரின் இரவல் எழுத்து: குற்றம் யாது?

பிறர் எழுதியதை எடுத்துத் தன்னுடையதென்று ஒப்படைக்கும் மாணாக்கன் எந்தக் குற்றத்தைச் செய்கிறான்? கேட்ட மாத்திரத்தில் விடை எளிதென்றே தோன்றும். ஆயினும், திருட்டென்று சொல்வாரை நோக்கி, உடையவன் இழந்தது என்ன என்று கேட்டால் அவர்கள் தயங்குகின்றனர். பொய்யென்று சொல்வாரை நோக்கி, அச்சிட்ட விடையை அப்படியே ஒப்பிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிய பள்ளிக்கு அப்பொய்யில் பங்கில்லையா என்று கேட்டால் அவர்களும் தயங்குகின்றனர். அறியாமையென்று சொல்வாரை நோக்கி, பணம் கொடுத்துக் கட்டுரை வாங்குவோனும் அறியாதவன்தானா என்று கேட்டால் அவர்களும் மௌனமாகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை கூறப்பட்டு வந்தும் இவ்வினா தீர்ந்தபாடில்லை.

அண்மைக் காலத்தில் இரண்டு காரணங்களால் இது கூர்மை பெற்றிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுங்குமுறை, குற்றத்தைச் சதவீதக் கணக்காக்கி, அதற்கேற்பத் தண்டனையையும் படிப்படியாக வகுத்தது. 2022 நவம்பர் இறுதியில் பொதுமக்கள் கைக்கு வந்த சாட்ஜிபிடி என்னும் உரையாடும் மென்பொருளோ, எவருடைய நூலிலிருந்தும் நேராக எடுக்கப்படாததும், எனினும் மாணாக்கன் எழுதாததுமான எழுத்தை ஒரு நிமிஷத்தில் உண்டாக்கித் தரலாயிற்று. முன்னது வினாவை அளவுகோலின் பொறுப்பில் விட்டது. பின்னது அந்த அளவுகோலுக்கு அகப்படாத ஒன்றைக் கொண்டுவந்தது. ஆதலின் இதுகாறும் கூறப்பட்ட விடைகள் எங்கே பிறந்தன, எதுவரை செல்லும், எவ்விடத்தில் தளர்கின்றன என்பவற்றை நிதானமாக ஆராய்வது தகும்.

களவு என்னும் கொள்கை

மிகப் பழைய விடை, இது களவு என்பது. ரோமானியக் கட்டடக்கலை நூலாராகிய விட்ருவியஸ் தம் நூலின் ஏழாம் புத்தகத்து முன்னுரையில் ஒரு சம்பவத்தை விவரிக்கிறார். அலெக்சாந்திரியாவில் டாலமி மன்னன் நடத்திய கவிதைப் போட்டிக்கு ஏழாவது நடுவராக அமர்த்தப்பட்ட அரிஸ்டோபேன்ஸ் என்னும் அறிஞர், அந்நகரத்து நூலகத்தின் ஏடுகளை வரிசையாகப் படித்து வந்தவர். சபையோர் சிறிதும் ரசியாத ஒருவனுக்கே முதற்பரிசு உரியது என்று அவர் தீர்ப்பளிக்க, மன்னனும் மற்ற நடுவர்களும் வெகுண்டனர். அவன் ஒருவனே கவி, ஏனையோர் பாடியவையெல்லாம் இரவல் என்று கூறிய அரிஸ்டோபேன்ஸ், தம் ஞாபகத்தைக் கொண்டே இன்ன அலமாரியில் இன்ன ஏடு என்று சுட்டி வரவழைத்து, பாடப்பட்டவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினார். பாடினோர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மன்னன் அவர்களைக் களவுக் குற்றத்துக்கு உட்படுத்தி அவமானத்தோடு வெளியேற்றினான். இச்சம்பவத்தில் குறிக்கத்தக்கவை இரண்டு: குற்றத்துக்குக் களவு என்றே பெயரிடப்பட்டது, அதைக் கண்டுபிடித்தவர் நூல்களை வாசித்த ஒரு மனிதர். இரண்டாவதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் கருத வேண்டியிருக்கும்.

பாரத தேசத்து அலங்கார சாஸ்திரிகள் இதனினும் நுட்பமாகச் சிந்தித்தவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர் தம் த்வன்யாலோகத்தின் நான்காம் பகுதியில், ஒரு கவியின் பொருள் மற்றொரு கவியின் பொருளை ஒத்திருப்பதை மூன்று வகைப்படுத்தினார்: கண்ணாடியில் விழும் பிரதிபிம்பம் போன்றது, வரைந்த சித்திரம் போன்றது, ஒத்த உடலமைப்புடைய இருவேறு மனிதரைப் போன்றது. முன்னிரண்டும் விலக்கத்தக்கவை, மூன்றாவதற்குத் தனி உயிர் உண்டாதலால் அது குற்றமாகாது என்பது அவர் முடிவு. அவருக்குச் சற்றுப் பிற்பட்ட ராஜசேகரர் காவிய மீமாம்சையில் இப்பொருளுக்கென மூன்று அத்தியாயங்களையே ஒதுக்கினார். சொல்லைக் கவர்வது வேறு, பொருளைக் கவர்வது வேறு என்று பிரித்து, சொற்களவில் ஒரு பதத்தை எடுப்பது முதல் முழுப் பிரபந்தத்தையே எடுப்பது ஈறாக ஐந்து படிகளை அவர் காட்டுகிறார். மற்றக் களவுகள் காலப்போக்கில் மறக்கப்படினும் சொற்களவின் பழி பேரன் காலத்திலும் தீராது என்று ஆசாரியர்கள் கூறியதை எடுத்துரைத்து, அதற்கெதிராகத் தம் மனைவி அவந்திசுந்தரியின் அபிப்பிராயத்தையும் அவர் பதிவு செய்திருப்பது கவனத்துக்குரியது. எடுக்கப்பட்டவன் புகழில்லாதவன், நூலை அறிந்தோர் மறைந்தனர், இயற்றியவன் தூர தேசத்தான், மூலமே அழிந்துபோயிற்று என இன்னின்ன நிலைகளில் கவிகள் பிறர் சொல்லையும் பொருளையும் எடுத்தாளுவர் என்று அவ்வம்மையார் எண்ணிச் சொல்கிறார். இன்றைய ஒழுங்கு விசாரணைகளில் கேட்கும் சமாதானங்கள் பலவும் அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டன எனலாம்.

ஐரோப்பாவில் இக்கொள்கைக்குச் சட்டத்தின் பலம் சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். 1710 இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் நூலுரிமையை ஆசிரியனுக்கு வழங்கிற்று. 1759 இல் எட்வர்ட் யங் எழுதிய கட்டுரை, பிறரைப் பின்பற்றாத சுயசிருஷ்டியே எழுத்தின் உயர்நிலை என்று போற்றிற்று. சொத்து என்ற கருத்தும் மேதை என்ற கருத்தும் கைகோத்த பின்னர், பிறர் சொல்லை எடுப்பது உடைமையைக் கவர்வதாகவும் தன் ஆன்மாவின் வறுமையைக் காட்டுவதாகவும் ஒருங்கே எண்ணப்படலாயிற்று.

மாணாக்கன் விஷயத்தில் இக்கொள்கை பொருந்தாமல் போவது எவ்விடத்தில் என்பதைக் காண ஓர் உதாரணம் போதும். பாரதியாரின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவர் உரைநடைக் கட்டுரையொன்றை எவரும் அச்சிடலாம், சட்டம் தடுக்காது. அதே கட்டுரையைத் தன் பெயரிட்டு ஒப்படைக்கும் இளங்கலை மாணாக்கன் குற்றமற்றவன் என்று எந்த ஆசிரியரும் சொல்லார். பாரதிக்கோ அவர் சந்ததியாருக்கோ ஒரு காசும் நஷ்டமில்லை. ஏமாற்றப்பட்டவர் மதிப்பெண் வழங்கும் ஆசிரியர், தானே எழுதிக் குறைந்த மதிப்பெண் வாங்கிய சகமாணாக்கன், பின்னாளில் அந்தப் பட்டத்தை நம்பும் பொதுஜனம். ஆகவே களவு என்ற சொல் குற்றத்தின் கடுமையை உணர்த்துமேயன்றி அதன் இயல்பை விளக்கப் போதாது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மரபு வேறு என்னும் வாதம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு நேர் எதிரான ஒரு வாதம் வலுப்பெற்றது. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த அலஸ்டர் பென்னிகுக் 1996 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஆபிரகாம் லிங்கனைப் பற்றி ஒரு சீன மாணாக்கர் எழுதித் தந்த பகுதி, அவர் முன்னர்ப் பாடநூலில் கற்று மனப்பாடமாக வைத்திருந்ததே என்பதைக் கூறி, அதைத் திருட்டென்று தள்ளுவது நியாயமா என்று வினவினார். ஆசிரியன் தன் சொல்லுக்கு உடையவன் என்பது ஐரோப்பாவில் அண்மையில் தோன்றிய எண்ணம். மொழியைக் கற்பதே பிறர் சொல்லைத் தன்வயமாக்கிக் கொள்வது. மனப்பாடம் செய்வதும் அறிவின் ஒரு வடிவம் என்பன அவருடைய வாதத்தின் தூண்கள். ஆசிரியன் என்ற ஸ்தானமே சரித்திரத்தில் உண்டாக்கப்பட்டது என்று 1969 இல் மிஷேல் ஃபூக்கோ நிகழ்த்திய சொற்பொழிவு இவ்வாதத்துக்குத் தத்துவப் பின்பலமாக அமைந்தது.

இந்த வாதத்தில் பரிவு இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணாக்கரை இயல்பிலேயே வஞ்சகரென்று கருதிய அகம்பாவத்தை அது அசைத்தது. எனினும் கீழ்நாட்டு மரபுகளில் ஆக்கியோன் பெயருக்கு மதிப்பில்லை என்ற முடிவுக்கு அதைக் கொண்டுசெல்வோர் அம்மரபுகளை நன்கு நோக்கினாரல்லர். சீனத்திலேயே கல்வி கற்ற டிலின் லியு 2005 இல் இதை மறுத்து, பிறர் எழுத்தைத் தனதாக்குவது சீன மரபிலும் நெடுங்காலமாக இழிவாகவே எண்ணப்பட்டது என்று எழுதினார். தமிழிலிருந்தும் சான்று காட்டலாம். வழிநூல் என்ற ஒன்றைத் தொல்காப்பிய மரபியல் ஏற்றுக்கொண்டு, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக அதை வகுக்கிறது; முன்னோரின் பொருளை மட்டுமன்றி அவர்கள் சொல்லையும் எடுத்தாளலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் பென்னிகுக்கின் கட்சி வென்றதாகவே தோன்றும். ஆனால் அதே நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றை எண்ணுமிடத்து ஆக்கியோன் பெயரை முதலிலும், அந்நூல் எதன் வழியில் வந்தது என்பதை அதனையடுத்தும் வைக்கிறது. எடுத்தாளலாம், எங்கிருந்து வந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதே அவ்விலக்கணத்தின் கருத்து. இரவலை மறைப்பதற்கு நம் மரபில் உரிமை இருந்ததில்லை.

மரபு பற்றிய வாதத்துக்கு மிகக் கடினமான சோதனையாக நிற்பது மார்ட்டின் லூதர் கிங்கின் ஆய்வேடு. 1955 இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் டாக்டர் பட்டம் பெற்ற அந்த ஏட்டில், அதே பல்கலைக்கழகத்தில் முன்னர் ஆய்வு செய்த மற்றொருவரின் ஏட்டிலிருந்து பகுதிகள் உரிய குறிப்பின்றி எடுக்கப்பட்டிருந்தன என்று 1991 இல் அப்பல்கலைக்கழகம் அமைத்த குழு கண்டது. பட்டத்தைப் பறிப்பதால் பயனில்லை என்று கூறி, உண்மையைத் தெரிவிக்கும் கடிதமொன்றை நூலகப் பிரதியோடு இணைக்குமாறு அது பரிந்துரைத்தது. பிரசங்கிகள் ஒருவர் சொல்லை ஒருவர் பொதுச்சொத்தாக வழங்கி வந்த கறுப்பினத் திருச்சபை மரபில் வளர்ந்தவர் கிங் என்று கீத் மில்லர் 1992 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மேடைப் பேச்சுக்கு அவ்விளக்கம் மிகப் பொருத்தமானது. அந்த மரபின் ஆற்றலை அதனால் நாம் மேலும் நன்கு உணர்கிறோம். அடிக்குறிப்பு இடுவதையே விதியாகக் கொண்ட ஆய்வேட்டுக்கும் அது முழுதும் பொருந்துமா என்பதில் அறிஞர் கருத்து இன்றும் ஒன்றுபடவில்லை.

நம் நாட்டைப் பொறுத்தவரை, மரபைக் காட்டிலும் பரீட்சையையே உற்று நோக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று சர்வகலாசாலைகளும் லண்டனை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டபோது, அவை பாடம் சொல்லும் ஸ்தாபனங்களாக அமையாமல் பரீட்சை வைக்கும் ஸ்தாபனங்களாகவே அமைந்தன. கேள்விக்கு அச்சிட்ட விடை, விடைக்கு மதிப்பெண் என்ற ஏற்பாடு உரைநூல்களையும் நோட்ஸ்களையும் வளர்த்தது. பிளஸ் டூ வரையில் எந்தச் செயலுக்காக மாணவி பாராட்டப்பட்டாளோ, அந்தச் செயலுக்காகவே ஆராய்ச்சிப் பட்டத்தில் அவள் தண்டிக்கப்படுகிறாள். இடையில் எந்த வகுப்பில், எந்த ஆசிரியர், இந்த விதி மாறிவிட்டது என்று அவளுக்குச் சொன்னார்?

குணமா, சூழ்நிலையா?

குற்றத்தின் இயல்பை விட்டு அதன் காரணத்தைத் தேடியவர்கள் உளவியலாரும் சமூகவியலாரும் ஆவர். ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர் 1928 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறக்குறைய 11,000 சிறுவர் சிறுமியரைப் பலவகைச் சோதனைகளுக்கு உட்படுத்தி, நேர்மை என்பது எல்லா இடத்தும் மாறாது நிற்கும் குணமன்று, ஒரு சூழ்நிலையில் நேர்மையாக நடந்த பிள்ளையே மற்றொன்றில் வஞ்சிப்பதுண்டு என்று கண்டனர். வில்லியம் பவர்ஸ் 1964 இல் அமெரிக்கக் கல்லூரிகள் 99 இல் பயின்ற 5,000 க்கும் மேற்பட்ட மாணாக்கரை வினவியபோது, நால்வரில் மூவர் ஏதேனும் ஒருவகை ஏமாற்றைச் செய்ததாக ஒப்புக்கொண்டனர். அவர் வழியில் டொனால்ட் மெக்கேப் 1990 களில் நடத்திய ஆய்வுகள், தன் தோழர்கள் செய்கிறார்கள் என்ற எண்ணமே மாணாக்கனை மிகுதியும் தூண்டுகிறது என்பதையும், மாணாக்கரே உறுதிமொழி ஏற்று நடத்தும் நன்னெறி முறை வழங்கும் கல்லூரிகளில் குற்றம் குறைவு என்பதையும் காட்டின.

இவ்வாராய்ச்சிகள் பயனுடையனவே. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை மாணாக்கர் தம்மைப் பற்றித் தாமே சொன்னதை ஆதாரமாகக் கொண்டவை. பரீட்சையில் எட்டிப் பார்ப்பதையும் கட்டுரையில் மேற்கோள் குறியை விடுவதையும் ஒரே கணக்கில் சேர்ப்பவை. உறுதிமொழி முறையின் பலனும் அது வேரூன்றிய சமூகத்தைப் பொறுத்ததாகவே காணப்படுகிறது. அம்முறையில் மிகப் பழைமையான ஒன்றை 1842 இல் ஏற்படுத்திய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், எக்குற்றத்துக்கும் வெளியேற்றம் என்ற ஒரே தண்டனையே நெடுங்காலம் நிலவிற்று. 2022 இல் மாணாக்கர் வாக்கெடுப்பின் வாயிலாக அது இரண்டு பருவ விலக்கலாகத் தணிக்கப்பட்டது. கடுமை மிகுந்தால் சக மாணாக்கரே குற்றம் சாட்டத் தயங்குவர் என்ற எண்ணம் அம்மாற்றத்துக்குத் துணையாயிருந்தது.

எழுதக் கற்பவனின் இடைநிலை

ரெபெக்கா மூர் ஹவார்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 1993 இல் முன்வைத்த கருத்து, இவ்விவாதத்தில் ஆசிரியர்கள் அனைவரும் கற்கவேண்டிய ஒன்று. மூலத்தின் வாக்கியத்தை எடுத்து, சில சொற்களை நீக்கி, சிலவற்றுக்கு மாற்றுச்சொல் பெய்து, இலக்கண அமைப்பைச் சற்றே திருப்பித் தன் கட்டுரையில் ஒட்டிவைக்கும் பழக்கத்தை அவர் வஞ்சனையாகக் கருதவில்லை. புதிய துறையொன்றின் மொழிக்குள் நுழையும் ஒருவன் கடந்தே தீரவேண்டிய படியாகக் கருதினார். புரியாத நூலைச் சுருக்கிச் சொல்ல எவராலும் இயலாது; புரியாதவிடத்து அதன் சொற்களையே பற்றிக்கொள்வது தவிர வேறு வழியும் இல்லை. பின்னர் அவரும் சாண்ட்ரா ஜேமிசனும் 16 கல்லூரிகளிலிருந்து 174 மாணாக்கர் கட்டுரைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, மேற்கோள்களில் ஏறக்குறையப் பாதி மூலநூலின் முதற்பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்ததும், ஒரு நூலின் வாதத்தை முழுதும் உணர்ந்து சுருக்கிச் சொன்ன இடங்கள் மிக அரியனவாக இருந்ததும் தெரியவந்தன. அக்கட்டுரைகளில் பல விதிப்படி குறிப்பிட்டு எழுதப்பட்டவையே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குறிப்பு சரியாக இருக்கிறது, வாசிப்பு நிகழவில்லை.

இக்கொள்கையின் குறை, அதன் எல்லை எங்கே முடிகிறதென்று அது துணிந்து சொல்லாமையே. இளங்கலை முதலாண்டில் மன்னிக்கத்தக்கது முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் மன்னிக்கத்தக்கதா? ஜெர்மனியின் பாதுகாப்பு மந்திரி குட்டன்பெர்க்கின் ஆய்வேட்டிலிருந்து பக்கம் பக்கமாக இரவல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் கூடிக் கண்டுபிடித்தபோது, பைரோய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. 2011 மார்ச் முதல் தேதி அவர் பதவி துறந்தார். அங்கே எவரும் கற்றலின் இடைநிலை என்று வாதிட முன்வரவில்லை. எந்தப் படியில் பரிவு முடிந்து பொறுப்பு தொடங்குகிறது என்பதைத் துறைதோறும் ஆசிரியர்கள்தாம் நிர்ணயிக்க வேண்டும்.

சதவீதத்தின் ஆட்சி

இத்தனை நுட்பங்களையும் ஒதுக்கிவிட்டு, ஓர் எண்ணால் தீர்ப்பளிக்கலாம் என்ற நம்பிக்கை கணினியோடு வந்தது. 1990 களின் பிற்பகுதியில் பெர்க்லியில் தோன்றிய டர்னிட்டின் என்னும் நிறுவனம், மாணாக்கரின் கட்டுரைகளையெல்லாம் சேமித்துவைத்துப் புதிதாக வருவதை அவற்றோடும் இணையப் பக்கங்களோடும் ஒப்பிடும் சேவையை வளர்த்தது. தங்கள் எழுத்தைத் தங்கள் சம்மதமின்றிச் சேமிப்பது பதிப்புரிமையை மீறுவதென்று பள்ளி மாணவர் நால்வர் தொடுத்த வழக்கில், 2009 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடே என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எழுத்துக் களவைத் தடுக்கும் பொருட்டு மாணாக்கரின் எழுத்தையே கைக்கொள்ளலாமா என்ற தார்மிகக் கேள்வி அத்தீர்ப்போடு அடங்கிவிடவில்லை.

இந்தியாவில் 2018 ஒழுங்குமுறையின்படி, பிற நூல்களோடு ஒப்புமை 10 சதவீதம் வரையிலாயின் தண்டனை இல்லை. 10 க்கு மேல் 40 வரையிலாயின் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி அளிக்கவேண்டும். 40 க்கு மேல் 60 வரையிலாயின் ஓராண்டு வரை திருத்திய ஏட்டை அளிக்கத் தடை. 60 ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்திருப்பதை அது பொருட்படுத்துவதில்லை. துறைக்கொரு குழுவும் நிறுவனத்துக்கொரு குழுவும் விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் அது செய்தது. 2019 இல் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் வாயிலாக ஒப்புமை காட்டும் மென்பொருள் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குத் தோன்றியவாறு நடந்த நிலையோடு ஒப்பிட, ஒரு பொதுவிதி ஏற்பட்டது முன்னேற்றமே. பலம் வாய்ந்தவர் தப்பவும் எளியவர் சிக்கவும் இடந்தந்த பழைய நிலையை எவரும் விரும்பார்.

ஆயினும் இந்த அளவுகோலின் குறைகள் ஆழமானவை. மென்பொருள் காண்பது சொல்லொப்புமை. குற்றமோ கருத்தைப் பற்றியது. ஆய்வேட்டின் மையமான கண்டுபிடிப்பு முழுதும் பிறருடையதாக இருந்து, அது ஏட்டில் 5 சதவீத இடத்தையே கொண்டிருந்தால், தண்டனையற்ற படியில் அது அடங்கிவிடுகிறது. ஆராய்ச்சி முறையை விவரிக்கும் மரபான வாக்கியங்கள் ஒத்திருந்தால் குற்றமற்ற ஏடும் மேற்படிக்குச் சென்றுவிடக்கூடும். எண் ஒன்று வகுக்கப்பட்டதும் அந்த எண்ணுக்குக் கீழே இருப்பதே குறிக்கோளாகிவிடுகிறது. ஒப்புமையைக் குறைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டோர் பல்கலைக்கழக வாயில்களைச் சுற்றி உருவாகியிருப்பதும், சொற்களை மாற்றி மாற்றி அடைத்து அர்த்தமே சிதைந்த ஏடுகள் தேறிவிடுவதும் ஆராய்ச்சித் துறையினர் அறிந்த துயரம். ஹவார்ட் எந்தப் பழக்கத்தைக் கடக்கவேண்டிய படி என்றாரோ, அப்பழக்கத்தையே முடிந்த இலக்காக இவ்வேற்பாடு கற்பித்துவிடுகிறது. இதைவிட வருந்தத்தக்க விளைவை எண்ண இயலவில்லை.

தமிழில் எழுதப்படும் ஏடுகளுக்கு மேலும் சில இடர்கள் உண்டு. ஒப்புமை காட்டும் 15 மென்பொருள்களை ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று 2020 இல் சோதித்துத் தெளிவான குறைகளைக் கண்டது. அவர்கள் சோதித்த எட்டு மொழிகளில் இந்திய மொழி ஒன்றுமில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்ப் பற்பல எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஏடுகள் கணினிக்கு வேறெழுத்துக் குவியலாகவே தோன்றுகின்றன. அச்சு நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் தேடத்தக்க வடிவில் இல்லை. ஆங்கில நூலை மொழிபெயர்த்துத் தன்னுடையதாகத் தரும் ஏடு சொல்லொப்புமையில் அகப்படுவது அரிது. வேற்றுமையும் விகுதியும் சாரியையும் ஒரே சொல்லில் ஒட்டிவரும் தமிழில், 14 சொற்கள் என்ற வரம்பு ஆங்கிலத்தில் அடங்குவதைவிட மிகுந்த பொருளை அடக்கும். இதனால் தமிழ் ஏட்டின் குறைந்த சதவீதம் அதன் தூய்மைக்குச் சான்றாகாது. பழைய நூல்களை வாசித்த ஒரு பேராசிரியர் இரண்டு பக்கத்தைப் புரட்டியதும், இந்த நடை இன்னாருடையதாயிற்றே என்று கண்டுவிடுவார். அலெக்சாந்திரியாவில் நிகழ்ந்ததும் அதுவே.

உடையவன் இல்லாத எழுத்து

சொல்லொப்புமையை முற்றிலும் தாண்டிய இரண்டு முறைகள் இப்போது பரவியுள்ளன. ஒன்று, கூலிக்கு எழுதுவித்தல். கிளார்க், லங்காஸ்டர் என்னும் ஆங்கிலேயக் கணினி ஆசிரியர் இருவர் இதை 2006 இல் தனிக் குற்றமாகப் பிரித்துப் பெயரிட்டனர். அயர்லாந்து 2019 இலும், ஆஸ்திரேலியா 2020 இலும், இங்கிலாந்து 2022 இலும் இச்சேவை நடத்துவோரைத் தண்டிக்கும் சட்டங்களை இயற்றின. இங்கே எழுதியவன் மனமுவந்து விற்கிறான். ஆகவே களவு என்ற கொள்கை இவ்விடத்தில் முழுதும் வலுவிழக்கிறது. எழுதியவன் சம்மதித்தாலும் குற்றம் நீங்காது என்று எல்லோரும் ஒப்புகின்றனர் என்பதே, குற்றம் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்குப் போதிய சான்றாகும்.

மற்றது செயற்கை நுண்ணறிவு. இங்கே இழந்தவனும் இல்லை, விற்றவனும் இல்லை. மென்பொருள் எழுதியதை மென்பொருளே கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கை விரைவில் தளர்ந்தது. சாட்ஜிபிடியை உண்டாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதாதென்று ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளுக்கு உட்படுத்தியபோது, மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திர எழுத்து என்று முத்திரையிட்டன. ஓராண்டில் தம்மிடம் வரும் 75,000 கட்டுரைகளில் ஒரு சதவீதம் தவறினாலும் சுமார் 750 மாணாக்கர் வீண்பழிக்கு ஆளாவர் என்று கணக்கிட்ட வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் அத்தகைய கருவியை நிறுத்திவைத்தது. எளிய சொற்களில், மரபான அமைப்பில், தவறின்றி எழுத முயலும் ஏழை மாணவியின் ஆங்கிலம் இயந்திரத்தின் ஆங்கிலத்தை ஒத்துவிடுகிறது. அவளுக்கு வாய்த்த கல்வியே அவளுக்கெதிரான சாட்சியாகிறது.

இவ்விரு முறைகளையும் கருதுமிடத்து, மாணாக்கனின் குற்றம் ஒரு பொய்ச்சாட்சியம் என்று கொள்வதே ஓரளவு எல்லா நிலைகளுக்கும் பொருந்துகிறது. தன் பெயரிட்டு ஒப்படைப்பவன், இவற்றை நான் வாசித்தேன், இவ்வாறு எண்ணினேன், இவ்வளவு எனக்கு விளங்கிற்று என்று ஆசிரியருக்கு வாக்களிக்கிறான். நூலிலிருந்தோ, கூலி எழுத்தாளனிடமிருந்தோ, மென்பொருளிடமிருந்தோ பெற்றதை மறைக்கும்போது பொய்யாவது அந்த வாக்கே. இக்கொள்கைக்கும் ஒரு குறை உண்டு: வாசிக்கப்படாத சாட்சியத்தில் பொய் என்ன, மெய் என்ன? கட்டுரையை ஆசிரியர் வாசியாமல் மென்பொருளின் எண்ணை மட்டும் நோக்கும் இடத்தில், வாக்களித்தலும் இல்லை, பெறுதலும் இல்லை.

தீராதவை

இயந்திர உதவியைப் பெற்றேன் என்று மாணாக்கன் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் குற்றம் நீங்குமா என்பது முதலாவதாக எஞ்சும் வினா. பொய் நீங்கும் என்பது உண்மை. கற்றல் நிகழ்ந்ததா என்பது அப்போதும் தெரியாது. எழுத்துப் பிழை திருத்தம், வாக்கியத் திருத்தம், வாதத்தையே அமைத்துத் தருதல் ஆகிய மூன்றையும் ஒரே உதவியாகக் கருதலாகாது என்பதில் ஒப்புதல் இருக்கிறது. எல்லைக்கோடு எங்கே என்பதில் இல்லை.

2018 ஒழுங்குமுறை, வகுப்புக் கட்டுரைகளையும் செய்முறைத் திட்ட அறிக்கைகளையும் விடைத்தாள்களையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திற்று. தண்டனையிலிருந்து இளம் மாணாக்கரைக் காக்கும் நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். எனினும் பழக்கம் உருவாகும் பருவத்தைப் பற்றி ஒன்றும் கூறாமல், அது முதிர்ந்த பருவத்தில் மட்டும் அளப்பது போதுமா என்பது விவாதிக்கப்பட வேண்டியது. ஆய்வேடுகளின் பெருக்கத்தைத் தூண்டிய விதிகளையும் இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். டாக்டர் பட்டத்துக்கு முன்னர்க் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 இல் நீக்கியது, எதிர்பார்த்த பலனைத் தருமா என்பதை மதிப்பிடச் சில ஆண்டுகள் கழிய வேண்டும்.

வாய்மொழித் தேர்வே மாற்று என்று இன்று பலரும் கூறுகின்றனர். எழுதியவனை எதிரே அமர்த்தி, இந்த முடிவுக்கு எவ்வாறு வந்தாய் என்று கேட்கும் ஆசிரியருக்கு எந்த மென்பொருளும் ஈடாகாது என்பதை மறுப்பாரில்லை. கூச்ச சுபாவமுள்ளவர்க்கும், பேச்சில் தடையுள்ளவர்க்கும், ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்து பேசத் தெரியாதவர்க்கும் அது அநீதியாகக்கூடும் என்ற ஆட்சேபமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு மேலாக நிற்பது ஆசிரியரின் நேரம். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஒரு விரிவுரையாளர் ஒரு பருவத்துக்குள் எத்தனை கட்டுரைகளை வரிவரியாக வாசித்து, எத்தனை பேரோடு அரைமணி நேரம் பேச இயலும் என்பதைக் கணக்கிட்டால்தான் இந்த மாற்று நடைமுறைக்கு உரியதா என்று சொல்ல முடியும். ஒப்புமைச் சதவீதங்களை விரிவாக வகுத்த ஒழுங்குமுறையில் அந்தக் கணக்குக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.